அம்பயர் நம்ம ஆளு

லார்ட்ஸ் இருக்கிறது, மெல்பர்ன் இருக்கிறது, நம் சேப்பாக்கம் இருக்கிறது. இருக்கட்டும். பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கிளப் லீக்குக்கு ஈடாக ஒரு கிரிக்கெட்டை நான் பார்த்ததில்லை. யார் வந்து கேட்டாலும் அடித்துச் சொல்வேன். காசு வாங்கி ஆடுகிறவர்களின் ஆட்டம் இல்லை இது, காசு போட்டு ஆடுகிறவர்களின் ஆட்டம். திடல் வாடகை, பந்து, ஐஸ் தண்ணீர், கிழிந்த ஆடுகள விரிப்புக்கு மாற்று விரிப்பு, எல்லாவற்றுக்கும் ஆடுகிற பதினொரு பேரும் பங்கு போடுகிறார்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாவது ஆளும் பங்கு போடுகிறார், அவருக்கு அன்று ஒரு பந்துகூடக் கிடைக்காது என்று தெரிந்தும்!

நான் ஆடுவதில்லை. ஸ்கோர் எழுதுகிறேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே, மழைமரத்து நிழலில் ஒரு மடக்கு மேசை, அதன்மேல் ஸ்கோர் புத்தகம், பென்சில், ரப்பர், காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு பழைய பந்து. இந்த மேசையைவிட நல்ல இடம் உலகத்தில் எந்த அரங்கத்திலும் கிடையாது. டிவியில் தெரியாதது எல்லாம் இங்கே தெரியும். சுழல் பந்துக்காரர் விரலைச் சொடுக்கும் சத்தம் கேட்கும். வேகப் பந்து விக்கெட் கீப்பரின் கையுறையில் இறங்கும்போது நெஞ்சுக்குள் ஒரு தட்டு விழும். புதிதாக உள்ளே வந்த பையன் கார்டு எடுத்துக்கொண்டே தனக்குத்தானே "பாத்து ஆடு, பாத்து ஆடு" என்று முணுமுணுப்பதுகூடக் காற்று இந்தப் பக்கம் வீசினால் காதில் விழும். ரன் ஓடும்போது "சத்து! சத்து!" (ஒன்று! ஒன்று!) என்று மலாயில் ஒரு குரல், "டுவா இருக்கு, ஓடு!" (இரண்டு இருக்கு) என்று பாதி மலாய் பாதி தமிழில் இன்னொரு குரல். இந்த மொழிக்கு இலக்கணம் கிடையாது. ஆனாலும் ரன் அவுட் அபூர்வம்!

எல்லோரும் இந்த லீக்கின் சிக்ஸர்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் அம்பயர்களைப் பற்றிப் பேசுவேன்.

முக்கியமான ஆட்டங்களுக்குச் சங்கத்து அம்பயர்கள் வருவார்கள். மற்ற நாள்களில் பேட்டிங் ஆடுகிற அணியே தன் ஆட்களில் இருவருக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி உள்ளே அனுப்ப வேண்டும். அதாவது, ஆடுகிறவர் நம்ம ஆளு, தீர்ப்புச் சொல்கிறவரும் நம்ம ஆளு. திரைக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்க மூன்றாவது அம்பயர் கிடையாது. பந்து எங்கே விழுந்தது, காலில் எங்கே பட்டது, பேட்டின் ஓரம் தொட்டதா என்பதெல்லாம் அந்த ஒரு மனிதரின் கண்ணிலும் மனசாட்சியிலும்தான் இருக்கிறது. சட்டம் அவருக்குக் கொடுக்கும் ஒரே தப்பிக்கும் வழி, எதிரணி அப்பீல் கேட்காவிட்டால் அவுட் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான். ஆனால் எங்கள் லீக்கில் அப்பீல் கேட்காத பந்துவீச்சாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு ஆட்டம் சொல்கிறேன். எங்கள் அணிக்குக் கடைசி மூன்று ஓவரில் இருபத்து சொச்சம் வேண்டும். களத்தில் எங்கள் கேப்டன், நன்றாக அடித்துக்கொண்டிருக்கிறார். அம்பயராக நிற்பது எங்கள் ஒன்பதாம் ஆட்டக்காரர், இருபது வயதுத் தம்பி, கேப்டனின் வண்டியில் தொற்றிக்கொண்டு திடலுக்கு வருகிறவன். பந்து தாழ்ந்து உள்ளே வந்து முன்காலில் பட்டது. எதிரணி பதினொரு பேரும் கத்துகிறார்கள். அந்தத் தம்பி ஒரு நொடி அசையவில்லை. பிறகு விரலைத் தூக்கினான். தன் கேப்டனுக்கு, தன்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியவருக்கு, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில்! எனக்கு அங்கேயே எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. எழுந்தே கைதட்டினேன். கேப்டன் பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என் மேசைப் பக்கம் வந்தார். கால்காப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டே, "நடு ஸ்டம்பு அக்கா. நான் பந்து வீசியிருந்தா நானும்தான் கத்தியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான். தண்ணீர் குடித்தார், அடுத்து இறங்கும் பையனுக்குப் பந்து தாழ்கிறது என்று சொல்லி அனுப்பினார். ஆட்டம் தோற்றோம். திரும்பும்போது அந்தத் தம்பி முன்சீட்டில்தான் உட்கார்ந்து போனான்.

கோடி கோடியாகப் பணம் புரளும் ஆட்டங்களில் கேமரா முப்பது கோணத்தில் பார்த்துச் சொல்லும் முடிவையே ஆட்டக்காரர்கள் தலையாட்டி மறுக்கிறார்கள். இங்கே ஒரு தம்பியின் விரலுக்கு எல்லோரும் தலைவணங்குகிறார்கள். எப்போதுமே சரியான முடிவுதான் வருகிறது என்று சொல்ல மாட்டேன். முணுமுணுப்பும் உண்டு, ஒன்றிரண்டு முறை சத்தமும் உண்டு. ஆனால் அடுத்த பாதியில் எதிரணி ஆட்கள் அதே வெள்ளைக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதைவிடச் சிறந்த ஒழுங்குமுறையை எந்தக் கிரிக்கெட் வாரியமும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்கோர் புத்தகத்தைப் பற்றியும் சொல்லியே தீர வேண்டும். கைப்பேசிச் செயலியில் எழுதுகிறவர்கள் இப்போது அதிகம். கிரிக்ஹீரோஸில் ஒவ்வொரு பந்தும் உடனுக்குடன் ஏறுகிறது, ஊரில் இருக்கும் அம்மா அப்பா அங்கிருந்தே பார்க்கிறார்கள். அதுவும் அருமைதான். ஆனால் தாளில் எழுதும் சுகம் தனி. ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. வைடுக்குச் சிலுவைக் குறி. நோபாலுக்கு வட்டம். பைக்கு முக்கோணம், லெக்பைக்குத் தலைகீழ் முக்கோணம். ஆறு பந்தும் புள்ளியாகவே முடிந்தால் அந்த ஆறு புள்ளிகளையும் கோட்டால் இணைத்து மெய்டன் ஓவருக்கான M எழுத்தாக்க வேண்டும். நடுவில் ஒரு விக்கெட்டும் விழுந்திருந்தால் அதே எழுத்தைக் கவிழ்த்து W-ஆகப் போட வேண்டும். எங்கள் இடதுகைச் சுழல்காரர் ஓவர் முடிந்து ஃபைன் லெக்குக்கு நடக்கும்போது என் பக்கம் திரும்பி, "அக்கா, கவுத்திட்டீங்களா?" என்று கேட்பார். கவிழ்த்துவிட்டேன் என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவேன். அந்த முகத்தில் வரும் சிரிப்பு இருக்கிறதே!

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அம்பயர் பவுண்டரி என்றோ பை என்றோ சைகை காட்டினால், ஸ்கோரர் பதிலுக்குக் கை தூக்க வேண்டும். அந்தப் பதில் கிடைக்கும்வரை ஆட்டம் தொடரக் கூடாது என்பது கிரிக்கெட் சட்டம். லார்ட்ஸிலும் அதே சட்டம்தான், எங்கள் திடலிலும் அதே சட்டம்தான். நான் கை தூக்கும்வரை வேகப் பந்துக்காரர் தன் ஓட்டத்தைத் தொடங்க முடியாது. களத்தில் நிற்கும் பதின்மூன்று ஆட்டக்காரர்களும் இரண்டு அம்பயர்களும் மரத்தடியில் இருக்கும் ஒரு பெண்ணின் கைக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்குள் ஏறும் பெருமிதத்தைச் சொல்ல வார்த்தை இல்லை.

ஆட்டம் முடிந்தபின் கணக்கு நேராக வேண்டும். பேட்டர்களின் ரன்னும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்தால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னோடு பையும் லெக்பையும் சேர்ந்தாலும் அதே மொத்தம் வர வேண்டும். எதிரணி ஸ்கோரர் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் புத்தகத்தில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு புத்தகமும் ஒத்துப்போகும் அந்த நிமிடம் ஒரு விக்கெட்டுக்குச் சமம். ஒரு வங்காளதேசத்துத் தம்பியோடு அப்படி எத்தனையோ ஞாயிறு கணக்குப் போட்டிருக்கிறேன். அவர் வங்காளத்தில் எண்ணுவார், நான் தமிழில் எண்ணுவேன், விடையை மலாயில் சொல்லிக்கொள்வோம்.

அவரைப் போன்றவர்கள்தான் இன்று இந்த லீக்கின் முதுகெலும்பு. பாயான் லெப்பாஸில் 1972-ல் தொழில் வட்டாரம் திறந்தபோது, இன்டெல் அங்கே வந்து இறங்கியபோது, அதனால் பினாங்குக் கிரிக்கெட் செழிக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்? இன்று சிப் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டுக் கண் சிவக்க நேராகத் திடலுக்கு வருகிறார் ஒருவர். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த மென்பொருள் பொறியாளர்கள், பாகிஸ்தானியர், நேப்பாளிகள், இலங்கையர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பஞ்சாபியர், மலாய்க்காரர், எல்லோரும் ஒரே புள்ளிப் பட்டியலில் இருக்கிறார்கள். கூலிமிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் விடியுமுன் கிளம்பிப் பாலம் ஏறி வருகிறவர்கள் உண்டு. பாலம் மட்டுமே பதின்மூன்றரை கிலோமீட்டர். அதைத் தாண்டி வந்து முதல் பந்திலேயே அவுட் ஆகித் திரும்பினாலும் அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்கிறார்களே, அவர்களை என்னவென்று சொல்வது!

ஒரு காலத்தில் இந்த ஊர்க் கிரிக்கெட் இப்படி இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி பாடாங் கோத்தா லாமா திடல் இருக்கிறதல்லவா, நகர மண்டபத்துக்கு எதிரில், மாலையில் நாம் பசெம்போர் சாப்பிடப் போகும் இடம்? காலனிக் காலத்தில் கிரிக்கெட் அங்கேதான். ஒரு பக்கம் வெள்ளைக்காரர்களின் பினாங்கு கிரிக்கெட் கிளப், மறுபக்கம் யூரேசியர்களின் பினாங்கு ரெக்ரியேஷன் கிளப். ஒரே புல்வெளிதான், ஆனால் யார் எந்தக் கொட்டகையில் உட்காரலாம் என்பதை நிறம் முடிவு செய்தது. இரண்டாம் உலகப் போர் வரை கூட்டு மலாய் மாநிலங்களின் அணியும் நீரிணைக் குடியேற்றங்களின் அணியும் மோதும் ஆட்டம் இந்த நாட்டில் பெரிய திருவிழா. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆட்டக்காரர்கள் நீரிணைக் குடியேற்றங்களின் பக்கம்.

எதிர்ப் பக்கம், கூட்டு மலாய் மாநிலங்களுக்கு ஆடியவர்களில் ஒருவரை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். லால் சிங். 1909-ல் கோலாலம்பூரில் பிறந்தவர். 1932 ஜூனில் லார்ட்ஸில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது அணியில் இருந்த மலாயாக்காரர். அன்று காலை இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட் என்று தடுமாறியதே, அதில் மூன்றாவதாகப் போன ஃபிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கியது லால் சிங்தான். இரண்டாவது இன்னிங்சில் அமர் சிங்கோடு சேர்ந்து எட்டாவது விக்கெட்டுக்கு 74 ரன் சேர்த்தார். அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் கோலாலம்பூருக்கே திரும்பி, சிலாங்கூர் கிளப்பின் திடலைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். எங்கள் லீக்கில் ஞாயிறு காலை விரிப்பை இழுத்து ஆணி அடிக்கும் பையன்களிடம் இந்தக் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை. டெஸ்ட் ஆடிய கை புல்லை வெட்டியிருக்கிறது, நீ விரிப்பை நேராகப் போடு என்பேன்.

இன்றைக்குப் பினாங்கில் கிரிக்கெட் என்றால் ஜாலான் உத்தாமாவில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கிளப் திடல்தான் முதலில் நினைவுக்கு வரும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்கள் வரிசையாக நிற்குமே, அதே சாலை. பின்னால் பினாங்கு மலை பச்சையாக எழுந்து நிற்கும். அந்தப் பின்னணியில் வெள்ளைச் சட்டைகள் நகர்வதைப் பார்க்கும்போது இதைவிட அழகான திடல் ஆசியாவிலேயே இருக்குமா என்று தோன்றும். 2008-ல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை மலேசியாவில் நடந்தபோது சில ஆட்டங்கள் இங்கேயும் அறிவியல் பல்கலைக்கழகத் திடலிலும் நடந்தன. அந்தப் போட்டிக்காக இந்த நாட்டுக்கு வந்த பையன்களின் பெயரைப் பாருங்கள்: விராட் கோலி, ரவீந்திர ஜடேஜா, கேன் வில்லியம்சன், ஸ்டீவ் ஸ்மித். மார்ச் 2-ஆம் தேதி கின்ராரா திடலில் கோலியின் இந்திய அணி தென்னாப்பிரிக்காவை 12 ரன்னில் வென்று கோப்பையைத் தூக்கியது. அப்போது கோலி பத்தொன்பது வயதுப் பையன்.

நம் ஊர்ப் பையன்களும் சளைத்தவர்கள் இல்லை. 2023 ஜூலை 26 அன்று பாயுமாஸ் திடலில் சியாஸ்ருல் இட்ருஸ் சீனாவுக்கு எதிராக நான்கு ஓவரில் 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஏழுமே போல்டு! ஆண்கள் டி20 பன்னாட்டு ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள் ஒரு மலேசியர். அன்று சீனா 23 ரன்னுக்குச் சுருண்டது. அந்த ஓவர்களைப் புத்தகத்தில் எழுதிய ஸ்கோரரை நினைத்து நான் பொறாமைப்பட்டேன். தமிழ்ப் பெயர்களும் நம் தேசிய அணியின் தலைவர் பட்டியலில் நிமிர்ந்து நிற்கின்றன: சுரேஷ் நவரத்னம், சுஹான் அழகரத்னம், மகளிர் அணியில் வினிஃப்ரெட் துரைசிங்கம். இவர்கள் யாரும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. எல்லோரும் பள்ளித் திடலிலும் கிளப் திடலிலும் ஆடி வளர்ந்தவர்கள்.

பினாங்கு என்றால் ஸ்குவாஷில் நிக்கோல் டேவிட், பூப்பந்தில் லீ சோங் வெய் என்று உலகமே பேசுகிறது. பேச வேண்டியதுதான், இருவரும் இந்த மாநிலத்தின் பெருமை. ஆனால் அதே மாநிலத்தில் ஞாயிறுதோறும் இப்படியொரு ஆட்டம் நடக்கிறது, பார்க்க ஒரு சென் கட்டணம் கிடையாது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியவில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

வானிலையைப் பற்றிச் சொல்லாமல் பினாங்குக் கிரிக்கெட்டைச் சொல்ல முடியாது. விடியற்காலையில் நீரிணை தாண்டிச் சுமத்ரா காற்று மழையோடு வந்து அடித்துவிட்டுப் போகும். காலை எட்டு மணிக்குத் திடலுக்குப் போனால் ஸ்கொயர் லெக்கில் குளம் கட்டியிருக்கும். அப்போதுதான் இந்த லீக்கின் உண்மையான வீரம் வெளியே வரும். கேப்டன், பொறியாளர், டாக்டர், லாரி ஓட்டுநர் எல்லோரும் கால்சட்டையை மடித்துவிட்டுக் கொண்டு பஞ்சு உருளையாலும் வாளியாலும் தண்ணீர் இறைப்பார்கள். எதிரணியும் சேர்ந்து இறைக்கும். பந்துவீச்சாளர் ஓடிவரும் பாதையில் மரத்தூள் கொட்டுவார்கள். ஆட்டம் தொடங்கினால் பந்து நனைந்த புல்லில் உருண்டு தோல் ஊறி, சோப்புக்கட்டிபோல் வழுக்கும். சுழல்காரர்கள் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு வீசுவார்கள். அந்த நாள்களில் எடுக்கும் விக்கெட்டுக்கு இரட்டை மதிப்பு என்பது என் சொந்தச் சட்டம். மத்தியானம் மலைமேல் மேகம் கறுக்கும். மழைக்குமுன் முடிக்க வேண்டுமே என்று ஓவருக்கு ஓவர் ஓடி ஓடி இடம் மாறுவார்கள். அந்த அவசரத்தில் வரும் கேட்சுகள் எவ்வளவு அழகு! போன பருவத்தில் லாங் ஆனில் நின்ற எங்கள் தம்பி, முதல் தூறல் கண்ணில் விழுந்துகொண்டிருக்கும்போது, பின்னால் ஓடி, தலைக்குமேல் வந்த பந்தை ஒற்றைக் கையில் பிடித்தானே, அதை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. என் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. போதும்.

ஆட்டம் முடிந்து நாசி கண்டார் கடையில் இரண்டு அணியும் மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டு உட்காரும். கோழி, கணவாய், மூன்று நான்கு குழம்பு கலந்து ஊற்றிய சோறு, ஐஸ் போட்ட தே தாரேக். அங்கே ஆட்டம் மறுபடி முதல் பந்திலிருந்து நடக்கும். அன்றைய எல்பிடபிள்யூவை உப்புப் புட்டியையும் பல்குத்தும் குச்சிகளையும் வைத்து ஆடிக் காட்டுவார்கள். சந்தேகம் வந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். "அக்கா, புக்கைத் திறங்க."

வரும் ஞாயிறு எங்களுக்குக் கடைசி லீக் ஆட்டம். முதல் நான்கு இடத்துக்குள் வர வெற்றி மட்டும் போதாது, நெட் ரன்ரேட்டும் ஏற வேண்டும். இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அவர்கள் 130 எடுத்தால் நாங்கள் பதினேழாவது ஓவருக்குள் முடிக்க வேண்டும். அவர்களை எவ்வளவு சீக்கிரம் ஆல் அவுட் ஆக்கினாலும் ரன்ரேட்டுக்கு முழு இருபது ஓவராகத்தான் கணக்கு, அது எங்களுக்கு நல்லது. இடதுகைச் சுழல்காரருக்கு அன்று ஷிப்டு இல்லை. டாஸ் காலை ஒன்பது மணிக்கு. அவசியம் வாருங்கள், மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைக்கிறேன். ஒன்று மட்டும்: அம்பயராக நிற்க எங்களுக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும். எல்பிடபிள்யூ தெரிந்தவராக இருந்தால் போதும். கோட்டும் பந்து எண்ணும் கிளிக்கரும் என்னிடமே இருக்கின்றன.